பாதி அச்சடித்த பத்திரிகை

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பொழிச்சலூரில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஒரே காட்சிதான். கூடத்தில் பாய். பாயில் பத்திரிகைக் கட்டு. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் குழைத்த மஞ்சள். அத்தை அட்டையை மடிக்க, சித்தி நாலு மூலையிலும் மஞ்சள் தடவ, கையெழுத்து நன்றாக இருக்கும் ஒரு பையனைப் பிடித்து உட்காரவைத்துக் கவரில் பெயர் எழுதச் சொல்வார்கள். முதல் பத்திரிகை அகத்தீஸ்வரர் கோயிலுக்கோ குலதெய்வத்துக்கோ போகும். மேலே விமானம் மீனம்பாக்கத்தில் இறங்கிக்கொண்டிருக்கும். கீழே வேலை நிற்காது.

இந்தக் காட்சியில் கவனிக்க ஒரு விஷயம் உண்டு. கடையில் காசு கொடுத்து அச்சடித்து வாங்கிய பொருள்தான் அது. ஆனாலும் அதன் கடைசி வேலையை வீட்டார்தான் செய்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை என்றைக்கும் முழுக்க முழுக்க இயந்திரத்தின் பொருளாக இருந்ததில்லை. எவ்வளவு இயந்திரம், எவ்வளவு கை என்ற விகிதம்தான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. அந்த விகிதத்தின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. இப்போது "கையால் செய்த அழைப்பிதழ்" புது ஃபேஷனாகப் பேசப்படுவதற்கான காரணமும் அதில்தான் ஒளிந்திருக்கிறது.

ஓலையும் காகிதமும்

காகிதம் வருவதற்கு முன்பே அழைப்பு இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் சுந்தரரின் திருமணத்துக்கு மண ஓலை போகிறது. வேடிக்கை என்னவென்றால், ஊரைக் கூட்டிய அந்தக் கல்யாணத்தை நிறுத்துவதும் இன்னொரு ஓலைதான்! சுந்தரர் தனக்கு அடிமை என்று சொல்லி முதியவர் வேடத்தில் வந்த சிவன் காட்டிய அடிமை ஓலை அது. எழுதிய ஒன்றுக்கு இருந்த மதிப்பை இதைவிட நன்றாக யாரும் சொல்லிவிட முடியாது.

தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமாகக் கிடைப்பது 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம். 16 பக்கம். அடுத்த பெரிய கட்டம் தரங்கம்பாடி. சீகன்பால்கு அங்கே 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சகம் வைத்தார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. பக்கத்துக்குச் சில வரிகளே பிடித்தன. கப்பலில் வரும் காகிதமோ குறைவு. அதனால் பொறையாற்றில் சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். 1715ஐ ஒட்டி அங்கேயே ஒரு காகித ஆலையும் தொடங்கினார்கள். அந்த ஆலை நீண்ட நாள் ஓடவில்லை. ஆனால் அது சொன்ன பாடம் இன்றைக்கும் பொருந்தும்: எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதைக் காகிதம்தான் தீர்மானிக்கிறது.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரம் சென்னைக்கு வந்து, வேப்பேரியில் பாதிரியார் ஃபப்ரீஷியஸ் கைக்குப் போனது. சென்னை அச்சுத் தொழிலின் ஆரம்பங்களில் ஒன்று அது. ஆனாலும் அச்சகம் என்பது அரசாங்கத்தின் கையிலும் மிஷன்களின் கையிலும்தான் பெரும்பாலும் இருந்தது. 1835இல் மெட்காஃப் காலத்தில் பத்திரிகைச் சட்டங்கள் தளர்ந்த பிறகே இந்தியர்கள் தாராளமாக அச்சகம் வைக்க முடிந்தது. அதன் பிறகுதான் புராணம், பஞ்சாங்கம், நோட்டீஸ், பில் புக் என்று அச்சு வீதிக்கு இறங்கியது. கல்யாணப் பத்திரிகையும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

டிரெடில் காலம்

பின்னர் ஊருக்கு ஊர் வந்தது "டிரெடில்" என்ற காலால் மிதிக்கும் அச்சு இயந்திரம். மின்சாரம் வேண்டாம், பெரிய இடம் வேண்டாம். ஒருவர் மிதித்துக்கொண்டே வலது கையால் தாளை வைத்து இடது கையால் எடுப்பார். ஒரு கணம் கவனம் தவறினால் விரல் போய்விடும்.

ஆனால் உண்மையான உழைப்பு இயந்திரத்துக்கு முன்னால் நடந்தது. கம்பாசிட்டர் என்ற அச்சுக்கோர்ப்பவர் கேஸ் முன்னால் நின்றபடி ஒவ்வோர் ஈய எழுத்தாகப் பொறுக்கி ஸ்டிக்கில் அடுக்குவார். அதுவும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறி! தமிழில் 247 எழுத்து. கா, கெ போன்றவற்றைத் துணைக்காலும் கொம்பும் சேர்த்து உண்டாக்கலாம். ஆனால் கி, கீ, கு, கூ வரிசைக்கெல்லாம் தனித்தனி அச்சு வேண்டும். அறை முழுக்க அறைகள் கொண்ட கேஸ்தான். 1935இல் பெரியார் தன் பத்திரிகைகளில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்ததற்கு அச்சுக்கூடத்தின் சிரமம் ஒரு முக்கியக் காரணம். ணா, றா, னா, லை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவம் அதில் மாறியது. அரசாணையாக அது வந்தது 1978இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். அதற்கு முன் அச்சான பத்திரிகை ஏதாவது பழைய டிரங்குப் பெட்டியில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். தாத்தாவின் பெயரில் ஒரு "னை" வந்தால் யானைத் துதிக்கை போல வளைந்து நிற்கும்.

கம்பாசிட்டருக்கு ஒரு வசதி இருந்தது. கல்யாணப் பத்திரிகையின் வாசகம் பெரும்பாலும் ஒன்றேதான். "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று முடியும். அதனால் பொது வரிகளைக் கோர்த்தது கோர்த்தபடி கட்டி வைத்துக்கொண்டு, பெயரும் தேதியும் இடமும் மட்டும் மாற்றுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மாறாத பகுதியையும் மாறும் பகுதியையும் பிரித்துவைக்கும் இந்தத் தந்திரம்தான் பின்னால் ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்தது.

அந்தக் காலத்துப் பத்திரிகை மஞ்சள் தாளிலோ ரோஸ் தாளிலோ ஒரே வண்ண மையில் இருக்கும். மேலே பிள்ளையார் சுழி, ஒரு சின்ன பிளாக்கில் விநாயகர் படம், அவ்வளவுதான். இன்னொரு வண்ணம் வேண்டுமானால் மறுபடி ஒரு தடவை மிதிக்க வேண்டும், கூலி இரட்டிப்பு. ஏழை வீட்டுப் பத்திரிகைக்கும் வசதியான வீட்டுப் பத்திரிகைக்கும் வித்தியாசம் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

பல்லாவரத்திலிருந்து புறப்பட்ட வார்த்தைகள்

பொழிச்சலூரிலிருந்து சில கிலோமீட்டரில் பல்லாவரம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழ் கற்பித்த சுவாமி வேதாசலம் 1911இல் அந்த வேலையை விட்டுவிட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். (அந்தக் கல்லூரியே 1937இல் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது வேறு கதை.) 1916இல் அவர் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கித் தன் பெயரையும் மறைமலை அடிகள் என்று மாற்றிக்கொண்டார். தன் நூல்களை அச்சிடப் பல்லாவரத்திலேயே ஓர் அச்சுக்கூடமும் வைத்திருந்தார். மகள் நீலாம்பிகை வடசொற்களுக்குத் தமிழ்ச் சொல் தரும் அகரவரிசையைத் தொகுத்தார்.

இந்த முயற்சி சாதாரண மக்களின் வீட்டுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று கல்யாணப் பத்திரிகை. "விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை" மெல்ல மெல்லத் "திருமண அழைப்பிதழ்" ஆனது. சிரஞ்சீவியும் சௌபாக்கியவதியும் போய்த் திருவளர்செல்வனும் திருவளர்செல்வியும் வந்தார்கள். ஒரே ஆளால் நடந்ததல்ல இது. பின்னால் வந்த திராவிட இயக்கம் இதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனது. 1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. 1967இல் அண்ணா முதல்வராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கொடுக்கும் திருத்தம் நிறைவேறியது.

இவையெல்லாம் அழைப்பிதழில் அப்படியே பதிவாகியிருக்கின்றன. தாத்தாவின் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டம் அப்பாவின் பத்திரிகையில் இருக்காது. புரோகிதர் இருந்த இடத்தில் "தலைமை", "முன்னிலை" என்று தலைவர்களின் பெயர்கள் வந்திருக்கும். ஆனால் பேச்சு மட்டும் மாறவில்லை. அட்டையில் "அழைப்பிதழ்" என்று அச்சடித்துவிட்டு, "பத்திரிகை வைக்க வந்தோம்" என்றுதான் இன்றைக்கும் சொல்கிறார்கள்!

சிவகாசியின் கணக்கு

அடுத்த திருப்பம் தெற்கிலிருந்து வந்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு, திரும்பி வந்து தொழில் தொடங்கினார்கள். மழை குறைந்த, வறண்ட அந்த ஊரின் காற்று தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்றது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்து "அந்த மார்க் கொடு" என்று கேட்க வேண்டுமே, அதனால் லேபிள் வண்ணத்தில் இருக்க வேண்டும். லேபிளுக்காக வந்த வண்ண அச்சு இயந்திரங்கள் சும்மா நிற்கக் கூடாது என்று காலண்டர், டைரி, சாமி படம் என விரிந்தன. ஈரம் இல்லாத காற்று அச்சுக்கும் நல்லதுதான். காகிதம் உப்பாது, சுருங்காது, ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம் பிசகாமல் விழும். பக்கத்துக் கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜு (1898-1976) வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சாகி வீட்டுச் சுவர்களுக்குப் போயின. ஆடிப்பெருக்கு அன்று புதுக் காலண்டர் ஆல்பம் வெளியிடுவது அங்கே இன்றும் வழக்கம்.

இங்கேதான் கம்பாசிட்டரின் பழைய தந்திரம் பெரிய அளவில் திரும்பி வருகிறது. எல்லாக் கல்யாணத்துக்கும் பொதுவானது எது? விநாயகர், லட்சுமி, மாவிலைத் தோரணம், குத்துவிளக்கு, தங்க பார்டர். குடும்பத்துக்குக் குடும்பம் மாறுவது எது? பெயர், தேதி, மண்டபம். பொதுவானதைச் சிவகாசியில் பல வண்ணத்தில் லட்சக்கணக்கில் அச்சடித்து, உள்பக்கத்தைக் காலியாக விட்டு அனுப்பினார்கள். மாறுவதைத் தெருமுனை அச்சகம் ஒரே வண்ணத்தில் அடித்துக் கொடுத்தது. அதுதான் பாதி அச்சடித்த பத்திரிகை.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புரிவது சுலபம். நிலையான செலவு, மாறும் செலவு என்று முதலாண்டிலேயே வரும் பாடம்தானே! சும்மா கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். (கடை விலை அல்ல, உதாரணம் மட்டுமே.) ஒரு குடும்பம் தனக்கென்றே பல வண்ண அட்டை அடித்தால் வடிவமைப்பு, பிளேட், மெஷின் செட்டிங் எல்லாம் சேர்த்து நிலையான செலவு 6,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு அட்டைக்கு 6 ரூபாய். 1,000 அட்டை அடித்தால் ஒன்று 12 ரூபாய். 100 மட்டும் அடித்தால் ஒன்று 66 ரூபாய்!

பாதி அச்சடித்த அட்டையோ ஒன்று 10 ரூபாய். உள்ளூரில் பெயர் அடிக்க நிலையான செலவு 500, அட்டைக்கு 1 ரூபாய். 1,000 என்றால் ஒன்று 11 ரூபாய் 50 பைசா. 100 என்றால் 16 ரூபாய். இந்தக் கணக்கில் 1,100 அட்டை வரைக்கும் பாதி அச்சடித்ததுதான் மலிவு. 6,000 ரூபாய் நிலையான செலவை ஒரு குடும்பம் தனியாகச் சுமக்காமல், முன்பின் தெரியாத ஆயிரம் குடும்பங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. மளிகைக் கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் வண்ண விநாயகரும் தங்க பார்டரும் கிடைத்தது இப்படித்தான். அட்டையைப் பார்த்தவுடன் வீட்டின் வசதியைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டமானது. சின்ன விஷயமில்லை இது.

ஆண்டர்சன் தெருவும் மின்சார ரயிலும்

சென்னையில் இந்த அட்டைகள் வந்து குவியும் இடம் பாரிமுனையை ஒட்டிய ஆண்டர்சன் தெரு. காகிதக் கடைகளும் பத்திரிகைக் கடைகளும் வரிசையாக இருக்கும். ஆல்பத்தைப் புரட்டி, நம்பரைச் சொல்லி, விலை பேசி எடுத்து வர வேண்டும். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். பல்லாவரத்தில் ஏறிக் கோட்டையிலோ கடற்கரையிலோ இறங்கினால் ஆண்டர்சன் தெரு நடந்து போகும் தூரம்தான். பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர் குடும்பங்கள் அட்டைக் கட்டுடன் திரும்பி வந்த பாதை இது. வெறும் அட்டையை அங்கே வாங்கி, பெயரை வீட்டுக்குப் பக்கத்து அச்சகத்தில் அடித்துக்கொள்வது ஒரு வழி. எழுத்துப்பிழை இருந்தால் நடந்தே போய்ச் சண்டை போடலாமே!

பிழை என்பது விளையாட்டல்ல. பத்திரிகையில் பெரியப்பா பெயர் விட்டுப்போனதால் பல வருஷம் பேசாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. "புரூஃப்" பார்ப்பதற்கு வீட்டில் மூத்தவர்கள் மூன்று பேர் சேர்ந்து உட்காருவதற்குக் காரணம் அதுதான்.

1990களில் கணினி வந்தது. பேஜ்மேக்கரில் டைப் செய்து, ஸ்கிரீன் பிரிண்டிங்கிலோ மினி ஆஃப்செட்டிலோ அடித்தார்கள். ஈய எழுத்துகள் எடைக்குப் போயின. இருபது முப்பது வருஷம் நின்றபடியே எழுத்துப் பொறுக்கிய கம்பாசிட்டர்களில் சிலர் கீபோர்டு கற்றுக்கொண்டார்கள்; பலருக்கு அந்த வயதில் அது முடியவில்லை. அழகான அட்டை மலிவானதைக் கொண்டாடும்போது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் கணக்கில் எழுத வேண்டும்.

மறுபடி கைக்கு

கைக்காகிதத்தின் கதை தனியாக ஓடிக்கொண்டிருந்தது. 1934இல் காந்தி அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் தொடங்கியபோது அதை நடத்தியவர் ஜே.சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காய்வு படித்தவர். பம்பாயில் ஆடிட்டராக இருந்துவிட்டு காந்தியிடம் போனவர். அந்தச் சங்கம் ஊக்குவித்த தொழில்களில் கைக்காகிதமும் ஒன்று. ஜெய்ப்பூருக்கு அருகே சாங்கானேரில் இருக்கும் தேசியக் கைக்காகித நிறுவனத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தமிழர்களுக்குப் பக்கத்தில் இருப்பது புதுச்சேரியில் 1959இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதத் தொழிற்சாலை.

கைக்காகிதத்துக்கு மரம் வேண்டாம். பருத்தித் துணி வெட்டுக் கழிவே போதும். துணியை நறுக்கி, தண்ணீரில் அரைத்துக் கூழாக்கி, சல்லடைச் சட்டத்தால் அள்ளுவார்கள். தண்ணீர் வடிந்ததும் துணிமேல் கவிழ்த்து, அழுத்திப் பிழிந்து உலர்த்துவார்கள். ஒவ்வொரு தாளும் தனித்தனியாகப் பிறப்பதால் ஓரம் பிசிறு பிசிறாக இருக்கும். அதைத்தான் இப்போது அழகு என்கிறார்கள்.

ஆலைத் தாளுக்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு, மடிக்கும்போது தெரியும். ஆலையில் கூழ் வேகமாக ஓடும் வலைமேல் விழுவதால் நார்கள் ஓடும் திசையிலேயே படுத்துவிடும். அதனால் ஆலை அட்டைக்கு "போக்கு" உண்டு. போக்கோடு மடித்தால் நேராக மடியும். குறுக்கே மடித்தால் முதுகு வெடித்து வெள்ளை நார் தெரியும். கையில் எடுத்து இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அதுதான் போக்கு. கைக்காகிதத்தில் நார்கள் எல்லாத் திசையிலும் கலந்து கிடப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கனத்தை ஜி.எஸ்.எம். என்ற அளவால் சொல்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80. பத்திரிகை அட்டை பெரும்பாலும் 200 முதல் 300. 20க்கு 30 அங்குல டபுள் கிரவுன் அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டால், விரித்தால் 10க்கு 7, மடித்தால் 5க்கு 7 அங்குலம் வரும் பத்திரிகை அதில் 8 கிடைக்கும். 20இல் இரண்டு பத்து, 30இல் நாலு ஏழு, மிச்சம் 2 அங்குலத் துண்டு. மடிப்பு 7 அங்குலப் பக்கத்தோடு ஓடுவதால், போக்கு 30 அங்குல வாக்கில் இருக்கும் அட்டையாகக் கேட்டு வாங்க வேண்டும். 300 பத்திரிகைக்கு 38 அட்டை போதும். வீணாவதற்காக 42 வாங்குவது நல்லது. 250 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு பத்திரிகை சுமார் 11 கிராம்.

கனமான அட்டையை அப்படியே மடிக்கக் கூடாது. முதலில் கோடு அழுத்த வேண்டும். அச்சகத்தில் "க்ரீசிங்" என்பார்கள். வீட்டில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவும் இரும்பு ஸ்கேலும் போதும். அழுத்திய கோட்டின் மறுபக்கம் லேசாகப் புடைக்கும். அந்தப் புடைப்பு மடிப்பின் உள்பக்கம் வர வேண்டும். கதவு போல இரண்டு பக்கமும் மூடும் மடிப்பு என்றால் இரண்டு கதவையும் ஒரு மில்லிமீட்டர் குறைத்துக்கொண்டால் நடுவில் இடிக்காது.

சொரசொரப்பான கைக்காகிதத்தில் அச்சு வேறு மாதிரி. லேசர் பிரின்டரின் பொடி பள்ளத்தில் சரியாக ஒட்டாது. இங்க்ஜெட் மை ஊறிப் பரவும். ஸ்கிரீன் பிரிண்டிங்தான் பொருத்தம். கெட்டியான மை, கரும்பச்சை, மெரூன் போன்ற அடர் நிறத் தாளிலும் பொன் நிறம் எடுப்பாக நிற்கும். எழுத்து மட்டும் சின்னதாக வைக்கக் கூடாது. மை பரவினால் "ண"வின் சுழிகள் அடைத்துக்கொண்டு மணமகள் பெயரே வேறாகிவிடும். பொறையாற்றில் காகிதத்துக்காக எழுத்தைச் சின்னதாக்கினார்கள். இங்கே காகிதத்துக்காகப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது!

ஏன் இப்போது?

பழைய கணக்குக்கே திரும்பலாம். கையால் செய்யும் அட்டைக்குக் கருவிச் செலவு 300 ரூபாய், தாளும் மையும் அட்டைக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வெட்டி, அச்சடித்து, மடிக்க அட்டைக்கு 10 நிமிஷம். மணிக்கு 50 ரூபாய் கூலி போட்டால் 8 ரூபாய் 33 பைசா. 100 அட்டை என்றால் ஒன்று சுமார் 26 ரூபாய். பாதி அச்சடித்ததன் 16 ரூபாயைவிட அதிகம்தான். ஆனால் தனக்கென்றே அடிக்கும் வண்ண அட்டையின் 66 ரூபாயோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. ஏறக்குறைய 330 அட்டையில் இந்த இரண்டும் சமமாகும். அதற்குக் கீழே கை ஜெயிக்கிறது. 1,000 அட்டைக்கோ 166 மணி நேரத்துக்கு மேல் ஆகும். யாராலும் ஆகாது.

ஆக, கையால் செய்த பத்திரிகை திரும்பி வந்ததற்கு ரசனை மட்டும் காரணமில்லை. எண்ணிக்கை குறைந்ததும் காரணம். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கல்யாணத்துக்கு 50 பேர் என்று வரம்பு வந்தது. 50 பேருக்கு யார் ஆயிரம் அட்டை அடிப்பார்கள்? வரம்பு போனது, ஆனால் பழக்கம் கொஞ்சம் மாறிவிட்டது. தூரத்து நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் போகிறது. நேரில் போய் வெற்றிலை பாக்கோடு வைக்க வேண்டியவர்களுக்கு மட்டும் அட்டை. ஆயிரம் இருநூறாகும்போது சிவகாசியின் பெரிய பலமான எண்ணிக்கை குறைகிறது. நிலையான செலவு மிகக் குறைவான கை முன்னுக்கு வருகிறது.

இதில் ஒரே ஒரு எச்சரிக்கை. அந்த 8 ரூபாய் 33 பைசாவைப் பல வீடுகளில் யாரும் எழுதுவதில்லை. "வீட்டிலேயே செய்தோம், செலவே இல்லை" என்பார்கள். மூன்று ராத்திரி உட்கார்ந்து மடித்த சித்தியின் நேரம் எந்தப் பேரேட்டிலும் வராது. காசு கொடுத்துச் செய்யச் சொல்லும்போதும் தாளுக்கு விலை கேட்பவர்கள் மடிப்புக்கு விலை கேட்பதில்லை. ஆடிட்டராக இருந்து கிராமத் தொழிலுக்கு வந்த குமரப்பா இந்த வரியைத்தான் முதலில் தேடியிருப்பார். கைவேலை மலிவாகத் தெரிந்தால், யாரோ ஒருவருடைய உழைப்பு கணக்கில் வராமல் போயிருக்கிறது என்று பொருள்.

மஞ்சள் தடவும் வேலையை மட்டும் இதுவரை எந்த இயந்திரத்திடமும் முழுதாகக் கொடுத்துவிடவில்லை. மூலையில் மஞ்சள் நிறத்தை அச்சடித்தே விற்கிறார்கள். அப்படியும் வீட்டில் ஒருமுறை விரலால் தொட்டுத்தான் வைக்கிறார்கள். கைக்காகிதத்தில் அது நன்றாகப் பிடிக்கும். வழவழப்பான ஆர்ட் அட்டையில் கொஞ்சம் காயவிட்டு அடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அட்டையில் ஒட்டிவிடும். ஓலை போனது, ஈயம் போனது, டிரெடில் போனது. அழைக்கிறவர் தன் விரலை ஒருமுறை பதித்து அனுப்ப வேண்டும் என்பது மட்டும் போகவில்லை. அடுத்த முறை வீட்டுக்கு ஒரு பத்திரிகை வந்தால், யார் வீட்டுக் கல்யாணம் என்று படித்துவிட்டுத் தூக்கிப்போடாமல், மடிப்பை ஒருமுறை தடவிப் பாருங்கள். அதை மடித்த கை யாருடையது என்று நினைத்துப் பாருங்கள்.